பொய் தமிழில் வந்தது. உண்மை ஆங்கிலத்தில் கிடந்தது

2020ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் இரவு, கொரோனாத் தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரைப் புதைக்கச் சென்னையில் ஆறடி நிலம் கிடைக்கவில்லை. கீழ்ப்பாக்கம் இடுகாட்டில் எதிர்ப்புக் கிளம்பவே, உடல் வேறிடம் கொண்டுசெல்லப்பெற்றது. அண்ணாநகர்ப் பகுதியின் வேலங்காடு இடுகாட்டிலோ கல்லும் தடியும் அதனை எதிர்கொண்டன. மருத்துவ ஊர்தியின் கண்ணாடிகள் நொறுங்கின, ஓட்டுநர்கள் காயமுற்றனர். கணவனுக்கு இறுதிக்கடன் ஆற்ற வந்த மனைவியும், உடன்வந்த மகனும் விரட்டப்பட்டனர். நள்ளிரவில், உடன்பணியாற்றிய மருத்துவர் ஒருவரும் மருத்துவமனைப் பணியாளர் இருவருமே காவலர் துணையோடு தம் கைகளால் மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தனர். ஆயுள் முழுவதும் பிணியாளர்க்குப் பண்டுவம் பார்த்தவருக்கு இந்நகர் காட்டிய நன்றி இது! ஆறு நாள்களுக்கு முன்னர்தான் அம்பத்தூரிலும் மற்றொரு மருத்துவரின் உடலை எரிக்க இத்தகைய தடை எழுந்திருந்தது.

கல்லெறிந்தோர் பிறவிக் கொடியவரல்லர். அண்டை வீட்டில் சாவு என்றால் அடுப்பு மூட்டாதிருந்த மரபில் வந்தவர்களே. ‘இங்குப் புதைத்தால் இப்பகுதியெங்கும் தொற்றிவிடும்’ என்ற ஒரு பொய் அவர்கள் நெஞ்சின் ஈரத்தை வற்றடித்துவிட்டது.

அந்நோய், உயிரோடிருப்பவனின் மூச்சிலும் இருமலிலும் பரவுவது. இறந்தவன் மூச்சு விடுவதுமில்லை, இருமுவதுமில்லை. உயிரணுவுக்கு வெளியே பெருகும் ஆற்றல் தீநுண்மிக்கு இல்லை. உறையிட்டு மூடிக் குழியிலிட்ட உடலிலிருந்து அது மண்ணைத் துளைத்தெழுந்து தெருவில் போவாரைப் பற்றாது. உடலைத் தொட்டுக் கையாள்வோர்க்கே கையுறை முதலான காப்புகள் தேவை.

இவ்வுண்மை எவர்க்கும் தெரியாத மறைபொருளன்று. பிணங்களைக் கையாளும் முறைபற்றி இந்திய நலவாழ்வு அமைச்சகம் 2020 மார்ச்சு 15ஆம் நாளிலேயே ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தது. அக்குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அதன்பின் 35 நாள்கள் கழிந்தன. அது தெருவுக்கு வந்துசேரவில்லை என்பதை வேலங்காட்டுக் கற்களே காட்டின. பொய்க்கோ எந்த மொழித்தடையும் இல்லை. அது கைப்பேசி வழியே, வீட்டுத் தமிழில், உறவுக்காரன் குரலில் வந்தது. நம்பாமல் என் செய்வர்?

ஏப்பிரல் 26இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி, இத்தகைய அடக்கத்தைத் தடுப்போர்க்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்றது. வேண்டியதுதான். ஆயின், ஒறுப்பைச் சொல்ல ஒரே கிழமையில் வாய்த்த விரைவு, உண்மையைச் சொல்ல அதற்கு முந்தைய ஐந்து கிழமைகளில் ஏன் வாய்க்கவில்லை? அம்மருத்துவரின் மனைவியோ, கணவர் உடலைக் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றும் இசைவுக்காக 2021 மார்ச்சு வரை உயர்முறைமன்றத்தில் காத்திருக்க நேர்ந்தது.

அடுத்த ஆண்டும் இதே கதைதான். மக்களுக்குத் துணிவூட்டவென்றே 2021 ஏப்பிரல் 15இல் நடிகர் விவேக் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். ஊசிதான் கொன்றது என்னும் பேச்சு அன்றே ஊர்சுற்றியது. இறப்புக்கு ஊசி கரணியமன்று என்று ஆய்வுக்குழு கூறிய செய்தி அக்தோபரில் வந்தது. ஆறு திங்கள் இடைவெளி! அதற்குள் எத்தனை முதியோர் ஊசிக்கு அஞ்சி வீட்டிலேயே முடங்கினரோ!

தமிழின் பெயராலும் பொய் விற்கப்பட்டது என்பது எல்லாவற்றினும் நாணத்தக்கது. நோயெதிர்ப்பாற்றலுக்கெனக் கபசுரக் குடிநீரை அரசே வழங்கியது. பருகியவரைக் குறைகூற ஏதுமில்லை. ஆனால், ‘தமிழனுக்கு இந்நோய் வராது, மஞ்சளும் வேம்பும் போதும், முகமூடியும் ஊசியும் வேண்டா’ என்று பெருமை பேசியவர்கள் தமிழ் மருத்துவத்துக்குத் தீராப் பழி தேடினர். நாடி பிடித்து, நோய்முதல் நாடி மருந்திட்ட மரபு அது. ஆய்வுக்கு அஞ்சி ஒளிந்த மரபன்று. தமிழ் மருந்து எதுவாயினும் ஆய்ந்து மெய்ப்பித்தே தரப்படவேண்டும்.

இன்னொரு தொற்று என்று வருமென எவரும் அறியார். மருத்துவக் குறிப்பு வந்த அன்றே அதனை எளிய தமிழில் எழுதிப் பங்கீட்டுக் கடையிலும் பள்ளி வாயிலிலும் இடுகாட்டுச் சுவரிலும் ஒட்டும் பொறுப்பு இன்ன அலுவலருடையது என, ஊராட்சி தொட்டு மாநகராட்சி வரை அரசு இப்பொழுதே வரையறுக்கவேண்டும். இடுகாட்டுப் பணியாளரை அழைத்து, உடலால் கூடுதல் தீங்கில்லை என்பதை நேரில் விளக்கவேண்டும். 2020 மார்ச்சு 15ஆம் நாள் வந்த அந்த ஆங்கிலக் குறிப்பிலேயே இவ்வறிவுரை இருந்தது.