சாக்கடலில் ஜீவன்

உப்பிட்ட பண்டம் எளிதில் கெடாது என்பது நம் பாட்டிமார் கண்ட உண்மை. மாவடு ஜாடியில் வருஷக் கணக்காக இருப்பது இதன் பலத்தினால்தான். கிருமியின் உடலிலுள்ள ஜலத்தை உப்பு வெளியே இழுத்துவிடுகிறது, கிருமி மாய்கிறது.

இந்த நியாயப்படி, ஜோர்தான் நதி சென்று விழும் சாக்கடலில் ஜீவனே இருக்கக் கூடாது. சமுத்திர ஜலத்தைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு உப்பு அந்த ஏரியில் கரைந்திருக்கிறது. ஆற்றோடு வரும் மீன்கள் அங்கே மாண்டு போகின்றன. அதைக் கண்ட உலகம், ஏரிக்கே அப்பெயரைச் சூட்டிவிட்டது.

1936-ஆம் வருஷத்தில் பெஞ்சமின் வோல்கானி என்னும் வாலிபர், அந்த ஜலத்திலும் நுண்கிருமிகள் வாழ்வதாக வெளியிட்டார். பின்னர் 1975-இல் முல்லாகான்பாய், லார்ஸன் என்ற இருவர் ஏரிச் சேற்றிலிருந்து ஒரு புதிய இனத்தைப் பிரித்தெடுத்து, வோல்கானியின் பெயரையே அதற்கு இட்டனர். இந்தக் கிருமி தன் உடலுக்குள்ளும் உப்பை நிரப்பி வைத்திருப்பதால், வெளியிலுள்ள உப்பு அதை வற்றச் செய்வதில்லை. சுத்த ஜலத்தில் இட்டாலோ உடைந்து போகிறது!

புதிய இனம் என்று கண்டவர் சொன்னால் மட்டும் போதுமா? போதாது. ஒரே கிருமியின் சந்ததியாக அதைத் தனித்து வளர்க்க வேண்டும். எவ்வளவு உப்பும் உஷ்ணமும் அதற்கு ஒத்துக்கொள்கின்றன, உடலிலுள்ள கொழுப்பு எத்தகையது என்று சோதிக்க வேண்டும். இக்காலத்தில் அதன் ஜீன்களையும் தெரிந்த இனங்களோடு ஒப்பிடுகிறார்கள். முடிவில், உயிருள்ள மாதிரியை இரு வேறு தேசங்களின் சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைக்க வேண்டும். சந்தேகமுள்ள ஆராய்ச்சியாளர் அதைத் தருவித்துச் சோதித்துக்கொள்ளலாம்.

அவ்வளவுக்குப் பின்னும் தீர்ப்பு மாறுவதுண்டு. முதலில் 'ஹாலோபாக்டீரியம்' என்ற பேரினத்தில் சேர்த்த இதை, 1986-இல் 'ஹாலோஃபெராக்ஸ்' என்ற புதுப் பேரினத்திற்கு மாற்றினார்கள். பாக்டீரியாவாகவே எண்ணப்பட்ட இவ்வகைக் கிருமிகள், 'ஆர்க்கியா' என்னும் வேறு வமிசம் என்பதும் தெளிவாயிற்று. வோல்கானியின் பெயர் மட்டும் நிலைத்தது.

கண்ணுக்குத் தெரியாத கிருமிக்குப் பெயரிட இத்தனை சாட்சியம் கேட்கிறார்கள். ஏரியைச் செத்தது என்று சொல்ல யாரும் சாட்சியம் கேட்கவில்லை. 1992-இல் பெருமழைக்குப் பின் மேல்மட்ட ஜலத்தில் உப்புச் சற்றுத் தணிந்தபோது, இத்தகைய கிருமிகள் பெருகி, ஏரியே சிவந்தது.

இப்போது நதி ஜலத்தை மனிதர் வழியிலேயே திருப்பிக்கொள்வதால், ஏரி மட்டம் வருஷத்திற்குச் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்து வருகிறது. உப்பை விரும்பும் கிருமிக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. பழைய பெயரை நாமே மெய்யாக்கிவிடலாகாது.