அனுமதி முதலில், ஒழுங்கு பிறகா?

அக்குபங்சரைத் தனி மருத்துவமுறையாக ஏற்று 2019 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் ஆணையிட்டது. அதன் படிப்பையும் தொழிலையும் நெறிப்படுத்துவது பிறகு பரிசீலிக்கப்படும் என்றது அந்த ஆணை. இந்தத் தலைகீழ் முடிவுக்கு விலை கொடுப்பவர்கள் புற்றுநோயாளிகள்.

டெல்லி முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி, எய்ம்ஸுக்கும் சஃப்தர்ஜங்குக்கும் கீமோவுக்குப் போய்வருகிறவர்களைக் கேளுங்கள். பாக்லிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் கை கால் நரம்புகளைத் தாக்குகின்றன. விரல் நுனி மரத்துப்போகிறது. ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடிவதில்லை. செருப்பு கழன்றதுகூடத் தெரிவதில்லை. சிலருக்கு இது ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. 'முன்கூட்டியே அக்குபங்சர் ஊசி குத்திக்கொண்டால் நரம்பு கெடாது' என்று இவர்களிடம் யாராவது சொன்னால், கடன் வாங்கியாவது போவார்கள்.

அப்படித் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் கண்ட 63 பெண்களிடம் மின் அக்குபங்சரைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளியானது. 12 வாரம் கழித்தும் பலன் தெரியவில்லை. 16ஆம் வாரத்தில் உண்மையான ஊசி குத்திக்கொண்டவர்களுக்கே வலி அதிகம். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் தடுப்புக்கென எதையும் பரிந்துரைக்கவில்லை. ஏற்கெனவே வந்த பாதிப்பைத் தணிக்க அக்குபங்சர் உதவலாம் எனச் சிறு ஆய்வுகள் சொல்வது வேறு விஷயம்.

மதமதப்பு தொடங்கியதுமே மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் அளவைக் குறைக்கலாம், அடுத்த சுற்றைத் தள்ளிப்போடலாம். ஊசியை நம்பியவர் 'சரியாகிவிடும்' என்று வாய் திறக்காமல் இருந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். கீமோவால் வெள்ளையணுவும் தட்டணுவும் சரிந்த உடம்பில் ஊசி குத்தினால் கிருமித்தொற்றும் ரத்தக்கசிவும் நேரலாம். ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் குத்துகிறவரைத் தடுக்க அந்த ஆணையில் என்ன இருக்கிறது?

இந்த அலட்சியம் அத்தோடு நிற்கவில்லை. 2020 ஜனவரியில் கொரோனாவைத் தடுக்க ஹோமியோபதி மாத்திரையைப் பரிந்துரைத்தது இதே மத்திய அரசின் அதிகார வட்டம். 2021 பிப்ரவரியில் கொரோனாவுக்கெனச் சொல்லப்பட்ட மூலிகை மாத்திரையின் விளம்பர மேடையில் கைதட்டியதும் இதே வட்டம். அதையடுத்து, எந்தப் பாரம்பரிய மருந்துக்கும் தாங்கள் கோவிட் சான்று தரவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆதாரம் கேட்கவேண்டிய நாற்காலியில் அமர்ந்துகொண்டு ஆரவாரத்துக்குத் துணைபோவது பொறுப்பைக் கைகழுவுவதாகும்.

அங்கீகாரம் தந்த கை கண்காணிப்பையும் தரட்டும். நோயாளியின் நம்பிக்கையை இனியும் கேள்வி கேட்பாரற்ற சந்தையில் விட்டுவைக்கக் கூடாது.