சத்தம் நின்றால் திருத்தம் முடிஞ்சுதா?

போன வருஷம் நான் ஒரு 150 சிசி மோட்டார் சைக்கிளைக் கைமாறி வாங்கினேன். முதல் சொந்தக்காரர் என்ஜினில் நல்லாக் கைவைத்திருந்தார். பெரிய போர் கிற், லிஃப்ற் கூடின கேம், வெளியில் வாங்கின சைலன்சர். ஐட்லிங்கில் நிற்கேக்க தையல் மெஷின் மாதிரி 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். கராஜுக்குக் கொண்டுபோனேன். பாஸ் இரண்டு தரம் முறுக்கிப் பார்த்தார், தலையைச் சரித்துக் கேட்டார், "டப்பெற் தம்பி" என்றார். என்ஜின் சூடாக இருக்கேக்கயே மூடியைக் கழற்றி, விரலால் ஆட்டிப் பார்த்து, ஸ்க்ரூவை இறுக்கித் தந்தார். பத்து நிமிஷம். சத்தம் போயிட்டுது, எனக்கும் சந்தோஷம்.

இரண்டு மாதத்தில் காலையில் ஸ்ராட் வர மறுத்தது. ஹெட்டைக் கழற்றினால் எக்ஸோஸ்ற் வால்வின் விளிம்பு எரிஞ்சு கிடந்தது.

அந்தப் பாஸைத் திட்டுறதுக்காக இதை எழுதவில்லை. அவர் கண்டுபிடிச்சது சரி, டப்பெற்தான். பிழை, அளக்காமல் இறுக்கினது. அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. "சத்தம் நிக்க வேணும்" என்று மட்டும்தான் நான் கேட்டேன், அவர் நான் கேட்டதைத் தந்தார். எங்கட பெடியள் முக்கால்வாசிப் பேர் கராஜில் கேட்கிறது இதைத்தான்.

கொஞ்சம் விளங்கிக்கொள்ளுவம். ரொக்கருக்கும் வால்வின் நுனிக்கும் இடையில் ஒரு சிறிய இடைவெளி வேணும். சூட்டில் வால்வு நீளும், அந்த நீளத்துக்கான இடம்தான் அது. பழைய ஹொண்டா சி 90க்கு அந்த இடைவெளி 0.05 மில்லிமீற்றர், அதுவும் என்ஜின் ஆறியிருக்கேக்க. ஒரு தலைமயிரின் தடிப்புத்தான் வரும். அதை விரலால் ஆட்டிப் பார்த்துச் சொல்லுறன் என்கிறவரை நான் இனி நம்பமாட்டேன். எக்ஸோஸ்ற் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீற்றில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துது. இடைவெளி இல்லாட்டி வால்வு முழுசா மூடாது. சூடு இறங்க வழியில்லை, நெருப்பும் அந்தச் சந்தாலேயே போகும், வால்வு எரியும். அதனால் மெல்லிசாச் சத்தம் போடுற டப்பெற்றுக்குப் பயப்பட வேண்டாம். வாயே திறக்காத டப்பெற்றுக்குத்தான் பயப்பட வேணும்.

இன்னொன்று, எல்லா 'டிக்'கும் டப்பெற் இல்லை. சிநேகிதன் ஒருவனின் பைக்கில் மூன்று தரம் டப்பெற் செற் பண்ணியும் சத்தம் போகவில்லை. கடைசியில் பார்த்தால், புதுச் சைலன்சர் பூட்டேக்க பழைய காஸ்கெற்றையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஹெட்டோடு பைப் சேருற இடத்தில் கரி படிஞ்சிருந்தது. அந்தச் சந்தால் காற்று அடிக்கிற சத்தம் டப்பெற் சத்தத்தை அப்படியே உரிச்சு வைச்ச மாதிரி இருக்கும். ஆறின என்ஜினில் அந்த மூட்டுக்குச் சவர்க்காரத் தண்ணி பூசி ஸ்ராட் பண்ணினால் குமிழி வரும். ஐந்து சதச் செலவில்லை.

ரைமிங் செயின் தளர்ந்தால் 'டிக்' இல்லை, 'கரகர' என்று வரும். முறுக்கி விடேக்க கூடக் கேட்கும். போர் கிற்றில் பிஸ்ரன் லூஸ் என்றால் காலையில் தட்டும், சூடேற அடங்கும். கேம் ஒருதரம் சுற்ற கிராங் இரண்டுதரம் சுற்றும். அதனால் வால்வுப் பக்கத்துச் சத்தம் என்ஜின் வேகத்தின் அரைவாசித் தாளத்தில்தான் வரும். காஸ்கெற்றில் காற்று அடிக்கிறதும் அதே தாளத்தில்தான், அதுதான் ஆளை ஏமாற்றுது. சிலிண்டர் மாற்றேக்க அளவுக்கு மிஞ்சிப் பூசின சிலிக்கன் ஒயில் வழியை அடைச்சிருந்தால், கேமுக்கு ஒயில் போகாமலும் சத்தம் வரும். அந்த நேரம் டப்பெற்றை இறுக்கினால் கேமுக்கும் சேர்த்துச் சாவு.

மொடிஃபை பண்ணுறது பாவம் என்று நான் சொல்லவில்லை. கொம்பனி புத்தகத்தில் போட்ட இடைவெளி கொம்பனி கேமுக்கானது. வேறு கேம் போட்டால் அந்தக் கேமுக்கு உரிய அளவைத்தான் வைக்க வேணும். அரைச்ச கேம் என்றால் ரொக்கர் நிற்கிற கோணமே மாறும். லிஃப்ற் கூட்டினால் வால்வு பிஸ்ரனில் முட்டாதா என்று களிமண் வைத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேணும். இதையெல்லாம் பக்டரியில் ஒருத்தர் எங்களுக்காக அளந்து வைத்திருந்தார். அதை மாற்றினது நாங்கள், அப்ப திரும்ப அளக்க வேண்டியதும் நாங்கள்தான். சத்தம் கேட்காமல் இருக்க இன்னும் பெரிய சத்தம் போடுற சைலன்சர் பூட்டுறது வேறு கதை. அது திருத்தம் இல்லை, காதைப் பொத்துறது.

"எங்கட பாஸ் காதாலேயே கண்டுபிடிப்பார்" என்று சிலர் வருவினம். உண்மை. நல்ல பாஸ் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து எந்தப் பக்கம் என்று சொல்லிப்போடுவார். அந்தக் காதுக்கு என் மரியாதை உண்டு. ஆனால் காது இடத்தைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. அளவுக்கு ஃபீலர் கேஜ் வேணும். அது ஒரு சைலன்சர் விலையில் சின்னத் துண்டுக் காசுக்கு வரும். கராஜில் வேலை பழகுற பெடியனுக்கு ஸ்பானரைக் குடுக்கிறம், கேஜைக் குடுக்கிறதில்லை. அவன் நாளைக்குப் பாஸ் ஆகேக்க அவனும் விரலால்தான் ஆட்டிப் பார்ப்பான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய பைக்குகளை வைத்துத்தான் வருஷக்கணக்காச் சமாளிச்சம். இண்டைக்கும் சாப்பாடு டிலிவரி ஓடுற பெடியனுக்கு அந்த என்ஜின்தான் சம்பளம். அவனுக்கு வால்வு எரியிறது என்றால் ஒரு கிழமை வேலை இல்லை, லீசிங் காசு மட்டும் நிற்காது.

அதனால் அடுத்த முறை டப்பெற் செற் பண்ணக் குடுக்கேக்க இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் கொண்டுபோங்கோ. வேலை முடிய "சத்தம் போயிட்டுதா" என்று கேட்காதேங்கோ. "அண்ணை, முதல் எத்தினை மில்லிமீற்றர் இருந்தது, இப்ப எத்தினை வைச்சனீங்கள்?" என்று கேளுங்கோ. இலக்கம் சொல்லுற இடத்தில் பைக்கை விடுங்கோ.