கைத்தொழிற் பகுதி: தேய்ந்த எஞ்சினும் தேர்ந்த கையும்

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்த நம் குடும்பங்கள், பிள்ளைகளின் கல்விக்கென்று எதையும் செய்யத் தயங்குவதில்லை. ஊரிலுள்ள காணி நிலத்தை விற்றேனும் மகனையோ மகளையோ பொறியியற் கல்லூரிக்கு அனுப்புகிறோம். ஆனால் நான்கு ஆண்டு பயின்று பட்டம் பெற்று வரும் அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் ஓர் எஞ்சினைத் தம் கையால் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்? இக்கேள்வியைப் பெற்றோர் முன் வைப்பதே இம்மாதம் நம் நோக்கம். அதற்கு எடுத்துக்காட்டாக, ரோட்டரி எஞ்சின் எனப்படும் சுழல் எஞ்சினைப் பழைய நிலையில் வாங்கிப் புதுப்பித்துப் பயிலும் முறையை எடுத்துக்கொள்வோம்.

நாம் அன்றாடம் காணும் பெட்ரோல் வண்டிகளில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அவ்வோட்டத்தைக் கிராங்க் தண்டு சுழற்சியாக மாற்றித் தருகிறது. சுழல் எஞ்சினிலோ இந்த மேல்கீழ் ஓட்டமே கிடையாது. இரு பருப்புள்ள நிலக்கடலைத் தோலைப் போல நடுவே சற்று ஒடுங்கிய ஓர் அறை. அதனுள்ளே பக்கங்கள் புடைத்த முக்கோண வடிவில் ஒரு ரோட்டர். ரோட்டரின் மூன்று முனைகளும் அறையின் சுவரை விட்டு விலகாமல் சுழல்வதால், அதனைச் சுற்றி மூன்று சிற்றறைகள் தோன்றி விரிந்தும் சுருங்கியும் நகர்கின்றன. உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு தொழில்களும் அவற்றிலேயே முடிந்துவிடுகின்றன. வால்வு என்பதே இல்லை. ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும்.

இதனைக் கருத்தில் உருவாக்கியவர் ஜெர்மனி நாட்டுப் பெலிக்ஸ் வாங்கெல் என்பவர். 1902-இல் பிறந்த அவர், 1929-இலேயே இத்துறையில் காப்புரிமை நாடினார். எனினும் என்.எஸ்.யூ. நிறுவனத்தில் இவ்வகை எஞ்சின் முதன்முதல் ஓடிய ஆண்டு 1957. 1961-இல் ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்து மாஸ்டா நிறுவனம் இதற்கு உரிமம் பெற்றது. அங்கே கெனிச்சி யமமோத்தோ என்பாரின் தலைமையில் 47 பொறியாளர்கள் ஒரே ஒரு குறையுடன் ஆண்டுக்கணக்கில் போராடினர். ரோட்டரின் முனையில் பொருத்திய சிறு பட்டை, அறைச் சுவரின்மேல் அதிர்ந்து அதிர்ந்து வரிவரியாகக் கீறிவிட்டது. பேயின் நகக்கீறல் என்றே அவர்கள் அதற்குப் பெயரிட்டனர். கரியோடு அலுமினியம் ஊட்டிய பட்டையைக் கண்டறிந்த பின்னரே, 1967-இல் காஸ்மோ என்னும் கார் விற்பனைக்கு வந்தது. ஆக, இந்த எஞ்சினின் வரலாறே ஒரு சிறு பட்டையின் தேய்மானத்தை வென்ற வரலாறு எனலாம்.

அத்தேய்மானம் இன்றும் முற்றிலும் நீங்கியபாடில்லை. 1978 முதல் 2002 வரை உற்பத்தியான ஆர்.எக்ஸ்-7 கார்களிலும், பின்வந்த ஆர்.எக்ஸ்-8 கார்களிலும் இருந்து கழற்றப்பட்ட எஞ்சின்களை ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் ஆர்வலர் வாங்கித் தம் வீட்டுக் கொட்டகையிலேயே புதுப்பிக்கின்றனர். அவற்றுள் புகழ்பெற்றது 13பி என்னும் வகை. இரண்டு ரோட்டர், கொள்ளளவு 1,308 கன சென்டிமீட்டர். இரும்புத் தட்டு மூன்று, அலுமினிய அறை இரண்டு ஆக ஐந்து துண்டுகள் அடுக்குச் சட்டிபோல் ஒன்றோடொன்று அமர்ந்து, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். ஓடும் உறுப்புகள் சிலவே ஆதலால், பயில்வோன் மனத்தில் எஞ்சின் முழுவதும் அடங்கும். இதுவே இதன் முதற்சிறப்பு.

கழற்றுமுன் நோய் நாடுதல் வேண்டும். பிளக்கை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரால் சுழற்றி அழுத்தத்தை அளந்தால், ஒவ்வொரு ரோட்டரிலிருந்தும் மூன்று துடிப்புகள் வரும். மூன்றும் ஒத்திருந்தால் நலம். அடுத்தடுத்த இரண்டு தளர்ந்திருந்தால், அவ்விரு சிற்றறைகளுக்கும் இடையேயுள்ள முனைப்பட்டை கெட்டது என்று உணரலாம். மருத்துவன் நாடி பார்ப்பதை இது ஒக்கும்.

கழற்றும்போது வேண்டுவது ஒழுங்கு. ஒரு ரோட்டருக்கு முனைப்பட்டை 3, பக்கப்பட்டை 6, மூலைக்கட்டை 6. இரண்டு ரோட்டருக்குமாக முப்பது சிறு துண்டுகள். அவற்றின் அடியில் மெல்லிய வில்கம்பிகள். எது எந்த இடத்தில் தேய்ந்ததோ, அதனை அங்கேயே மீண்டும் வைத்தல் வேண்டும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுத் தனித்தனியே வைக்காமல் ஒரே தாம்பாளத்தில் கொட்டுபவன் பாதி வேலையைக் கெடுத்துக்கொண்டவன் ஆவான்.

அடுத்தது அளவு. பக்கப்பட்டைக்கும் மூலைக்கட்டைக்கும் இடையே 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் வரையே இடைவெளி இருக்கலாம். புதுப்பட்டை சற்று நீளமாக இருக்கும். அதனை அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்து, பீலர் கேஜைச் செருகிப் பார்த்துப் பார்த்துப் பொருத்துதல் வேண்டும். ஓர் இழுப்பு மிகுந்தாலும் பட்டை வீண். நடுத்தண்டு முன்னும் பின்னும் அசையக்கூடிய அளவோ 0.04 முதல் 0.07 மில்லிமீட்டர். நம் தலைமயிரின் பருமன் ஏறக்குறைய அவ்வளவே. புத்தகத்தில் வெறும் எண்ணாக நின்றது, இங்கே விரல் நுனியில் உணர்வாக மாறுகிறது.

இவை யாவற்றினும் மேலானது மனச்சான்று பற்றிய பாடம். அறைச் சுவரின் குரோமியப் பூச்சு ஓரங்களில் உதிர்ந்திருக்கும். இன்னும் சில நாள் ஓடாதா என்று மனம் கேட்கும். மாற்று உறுப்போ விலை மிகுந்தது. எவரும் பார்க்காத இடத்தில் உள்ள குறையை மூடிப் பூட்டிவிடலாம். ஆயினும் எஞ்சின் ஏமாறுவதில்லை. சில நூறு மைல்களுக்குள் அது உண்மையைச் சொல்லிவிடும். புதிய எஞ்சின் ஒருபோதும் கற்பிக்காத இப்பாடத்தைத் தேய்ந்த எஞ்சினே கற்பிக்கிறது. பின்னர் வாசலைன் தடவிப் பட்டைகளை அவற்றின் பள்ளத்தில் நிறுத்தி, தட்டுகளை அடுக்கி, போல்ட்டுகளைப் படிப்படியாக இறுக்கி, முடிவில் கையால் சுழற்றும்போது மூன்று துடிப்பும் சீராக எழுமாயின், அம்மகிழ்ச்சிக்கு ஈடான மதிப்பெண் ஏது?

நம் நாட்டுச் சாலைகளில் சுழல் எஞ்சின் காண்பதரிது. ஆயினும் நமக்கு இது முற்றிலும் அயலானதன்று. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமும் அன்று அகமதுநகர் எனப்பட்ட ஊரில் உள்ள வாகன ஆய்வு நிலையமும் பிறரோடு இணைந்து 55 குதிரைத்திறனுள்ள வாங்கெல் எஞ்சினை உருவாக்கின. 2009-இல் நிஷாந்த் என்னும் ஆளில்லா வானூர்தி அதனைக் கொண்டு பறந்தது.

நம் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பழைய ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்றே போதும். தில்லியின் மாயாபுரி, கல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை போன்ற பழைய உறுப்புச் சந்தைகளில் அது கிடைக்கும். சோதித்தல், எண்ணிடல், அளத்தல், உண்மையாகத் தீர்மானித்தல் என்னும் நான்கு படிகளும் அதற்கும் பொருந்தும். வாங்கும்போது முறையான ரசீது பெறுக. உறுப்புகளைக் கழுவும் மண்ணெண்ணெயை அடுப்பின் அருகே கொண்டு செல்லற்க. வில்கம்பி தெறிக்கும் ஆதலால் கண்ணுக்குக் காப்பு அணிக.

ஆசிரியர் எங்கே என்று கேட்பீர்கள். ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் சித்தரஞ்சனிலும் ரயில்வே பட்டறைகளிலும் பிட்டராகவும் டர்னராகவும் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கின்றனர். எழுத்தில் ஏறாத கல்வி அவர்கள் விரல்களில் இருக்கிறது. பேரனும் பேத்தியும் கேளாவிடில் அது அவர்களோடே மறைந்துபோகும். தாம் கரி படிந்த கையுடன் வாழ்ந்ததால், பிள்ளைகளின் கையில் கரி படக்கூடாது என்று அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணம் அன்பினால் விளைந்தது. ஆனால் அதனால் நேர்ந்த இழப்பும் சிறிதன்று.

ஆகவே வரும் விடுமுறையில் தாத்தாவின் அருகில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் ஒரு பழைய எஞ்சினை வைத்துப் பாருங்கள். பெண்மக்களையும் உடன் அமர்த்துங்கள். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், பெரியவரின் கை இளையவர் கையில் தன் கல்வியை ஒப்படைத்திருக்கும்.