வறுத்த பயறும் பிரேசில் ஈட்டியும்

ஞாயிற்றுக்கிழமை காலை, கேட்காமலேயே ஒரு காபி வந்தது. கொண்டுவந்தவன் மச்சினன். நுரை பொங்கப் பொங்க டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "மாமா, ஒரு கையெழுத்து வேணும்" என்றான்.

காபி கொடுத்துக் கேட்கிற கையெழுத்து எதற்கு என்று ஒரு பி.காம். பட்டதாரிக்குத் தெரியாதா? ஜாமீன்.

"எவ்வளவு?"

"ரெண்டு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம்."

"என்ன வாங்கப் போறே, பைக்கா?"

"கிடார், மாமா. எலெக்ட்ரிக்."

காபி புரையேறியது.

மச்சினன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் கிடார். வீடு திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற ரோட்டில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டின ஊர். ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். ஊரில் விஜயராகவப் பெருமாள் கோயில், என் மாமனார் வீட்டில் தறி. அந்தத் தறிச் சத்தத்தோடு போட்டி போடுகிறது இவனுடைய பதினாலாயிரம் ரூபாய் பழைய கிடார்.

விசாரித்ததில் விஷயம் இதுதான். அவன் பார்த்து வைத்த கிடாரில் இரண்டு வகை. ஒன்று ஒரு லட்சத்து அறுபதாயிரம். இன்னொன்று இரண்டு எண்பத்தைந்து. உடம்பு, காந்தம், கம்பி எல்லாம் ஒன்றேதான். விரல் வைத்து அழுத்துகிற பட்டைப் பலகை மட்டும் வேறே. முதலாவதில் இந்திய ரோஸ்வுட், இரண்டாவதில் பிரேசிலியன் ரோஸ்வுட். "அபூர்வ மரம் மாமா. சவுண்டு தேன் மாதிரி இருக்குமாம்."

அந்த ஒரு பட்டைப் பலகைக்கு ஒன்றேகால் லட்சம் வித்தியாசம். தேன் என்றால் மலைத்தேன்தான்.

அபூர்வ மரம் என்றதும் எனக்குக் கழுத்து அரித்தது. காரணம் உண்டு. ஊரெல்லாம் கருங்காலி மாலை போட்டபோது நானும் ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். "வைரம் பாய்ஞ்ச கட்டை சார், தண்ணில போட்டா முழுகும்" என்றார் விற்றவர். போட்டுப் பார்த்தேன். முழுகியது. கூடவே தண்ணீர் டிகாஷன் கலருக்கு வந்தது. மறுநாள் என் பனியன் காலரில் ஒரு கறுப்பு வளையம். "கட்டை கருங்காலியோ இல்லையோ, வித்தவன் கருங்காலி" என்றாள் என் மனைவி.

எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் டயம் கேட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

எலெக்ட்ரிக் கிடாரில் சத்தம் எங்கிருந்து வருகிறது? கம்பிக்கு அடியில் ஒரு காந்தம். அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய தாமிரக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடும். சுருளில் மின்சாரம் பிறக்கும். ஒன்பதாம் வகுப்பில் நாம் தூங்கிக்கொண்டே கேட்ட அதே ஃபாரடே சமாச்சாரம். அந்த மின்சாரத்தை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கி ஸ்பீக்கரில் கொட்டுகிறது. காந்தத்துக்கு இரும்பு தெரியும். ஈட்டி மரமா, எட்டி மரமா என்று அதற்குத் தெரியாது.

வீணை வேறு ஜாதி. அங்கே குடமே ஸ்பீக்கர். பலாக்கட்டையைக் குடைந்து செய்கிற தஞ்சாவூர் வீணையில், ஒரே மரத்தில் செய்தால் ஏகாண்டம், துண்டுகளைச் சேர்த்தால் ஒட்டு வீணை. அந்த மரத்தைப் பற்றி வித்வான்கள் மணிக்கணக்கில் பேசினால் அதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை அப்படியே தூக்கி எலெக்ட்ரிக் கிடாருக்கு மாட்டிவிட்டதில்தான் கோளாறு.

சரித்திரமும் இதையே சொல்கிறது. லெஸ் பால் என்ற அமெரிக்கர் 1940 வாக்கில் நாலு அங்குலத்துக்கு நாலு அங்குல பைன் கட்டை ஒன்றை எடுத்துக் கம்பி கட்டி, காந்தம் வைத்து வாசித்தார். பெயரே 'கட்டை'தான். சத்தம் அருமை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது கிடாராகத் தெரிய வேண்டுமே? ஒரு பழைய கிடாரை நடுவில் அறுத்து இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டினார். இறக்கை காதுக்காக இல்லை, கண்ணுக்காக. 1950-களில் டேன்எலெக்ட்ரோ கம்பெனி மரநாரை அழுத்திச் செய்த ஹார்ட்போர்டில் கிடார் விற்றது. பெரிய பெரிய ஆட்களே அதை வாசித்தார்கள். குவீன் குழுவின் பிரையன் மே 1963-ல் அப்பாவோடு உட்கார்ந்து, பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்டத்தை இழைத்துக் கிடாருக்குக் கழுத்து செய்தார். விரல் பலகை ஓக் கட்டை, மேலே கறுப்புப் பெயிண்ட். என் கருங்காலி மாலையின் அதே டெக்னிக். அதை வைத்துக்கொண்டுதான் ஸ்டேடியம் ஸ்டேடியமாக வாசித்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின். ஐந்தே கம்பி. சபாவில் கண்ணை மூடிக்கொண்டு அழுத மாமிகளில் யாராவது "என்ன கட்டை?" என்று கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, மரத்தையே நேராகப் பரீட்சை செய்தவர்கள் உண்டா? உண்டு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆட்கள் ஆறு கிடார் செய்ய வைத்தார்கள். மின்சாரம் இல்லாத சாதாரண கிடார். முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹாகனி, மேப்பிள், வால்நட், சப்பேலி. 52 கிடார்காரர்களை மங்கலான அறையில் உட்கார வைத்து, வெல்டிங் பட்டறைக் கண்ணாடியை மாட்டி வாசிக்கச் சொன்னார்கள். 2018-ல் முடிவு வந்தது: ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். மரமே பேசுகிற கிடாரிலேயே இந்தக் கதை என்றால், காந்தம் பேசுகிற கிடாரில்?

ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கட்டை விறைப்பாக இருந்தால் கம்பி கொஞ்சம் அதிக நேரம் அதிரலாம். நல்ல கட்டை மழைக்கும் வெயிலுக்கும் வளையாது. கனம், வழவழப்பு, கையில் பிடித்தால் வருகிற சந்தோஷம், இதெல்லாம் நிஜம். ஆனால் காந்தத்தின் திருகாணியை ஒரு சுற்றுத் திருகினாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் காதில் கேட்கும்.

இத்தனையும் சொன்னபோது மச்சினன் முகம் பேங்க் மேனேஜர் முகம் மாதிரி இருந்தது. "நீங்க சொல்றது புஸ்தகம். எனக்குக் காது இருக்கு."

"சரி, காதையே கேட்போம்."

அடுத்த ஞாயிறு, திருப்புட்குழி வீட்டுக் கூடம். மச்சினனின் சிநேகிதன் ஒருவன் தன் விலை உயர்ந்த கிடாரைக் கொண்டுவந்தான். பக்கத்தில் மச்சினனின் பதினாலாயிரம். இரண்டுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபையர். நடுவில் திரையாக மாமியாரின் பழைய பட்டுப் புடவை. சிநேகிதன் திரைக்கு அந்தப் பக்கம் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை வாசிக்க வேண்டும். இந்தப் பக்கம் நாங்கள் பேப்பரும் பேனாவுமாக.

ரிசல்ட்: மச்சினன் பத்துக்கு ஐந்து. நான் ஆறு. ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். "மாமா உங்களுக்கு ஞானம் இருக்கு" என்றான் சிநேகிதன். ஞானமாவது! எட்டாவது தடவை தறிச் சத்தத்தில் எனக்கு எதுவுமே கேட்கவில்லை.

இது விஞ்ஞானப் பரீட்சை ஆகாது என்று தெரியும். ஆனால் ஒரு வேடிக்கை. பழைய கிடாரில் துருப்பிடித்த கம்பியைக் கழற்றிவிட்டு, சிநேகிதன் பையிலிருந்து புதுக் கம்பி போட்டு வாசித்தபோது, தறியிலிருந்த மாமனார் பாவு சரிசெய்வதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "இது நல்லாருக்கே, என்ன மாத்தினீங்க?" மரத்தைக் கண்டுபிடிக்காத காது, சில நூறு ரூபாய்க் கம்பியைக் கண்டுபிடித்துவிட்டது.

நான் ஜெயித்த சந்தோஷத்தில், "பார்த்தீங்களா மாமா? எந்த மரமா இருந்தா என்ன!" என்றேன்.

மாமனார் உடனே ஆமாம் போடவில்லை. புடவைத் திரையை அவிழ்த்து, முந்தானையை விரலில் தேய்த்தார்.

"மாப்பிள்ளை, இதுல இருக்கறது நிஜ ஜரிகை. சிவப்புப் பட்டு நூல் மேல வெள்ளி சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். பக்கத்துலயே தாமிர ஜரிகைப் புடவையை வெச்சா, முதல் நாள் உங்க கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தெரியாதுங்கறதுக்காக நான் தாமிரத்தை நெஞ்சுட்டு வெள்ளின்னு வித்தா சரியா?"

எனக்கு வாய் அடைத்தது.

"இருபது வருஷம் கழிச்சு, 'பழைய பட்டு ஜரிகை வாங்கறது'ன்னு தெருவுல ஒருத்தன் வருவான். அவன் உரசிப் பார்த்துச் சொல்லுவான் யார் யோக்கியன்னு."

அப்போதுதான் புரிந்தது. நான் ஒரு கேள்விக்குப் பதில் தேடிவிட்டு இரண்டுக்கும் பதில் கிடைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். மரம் காதுக்குக் கேட்குமா என்பது ஒன்று. மரம் சொன்ன மரம்தானா என்பது இன்னொன்று. முதலாவது பெரிய விஷயமில்லை. இரண்டாவது ரொம்பப் பெரிய விஷயம், பில்லில் அதற்கென்று தனியாகப் பணம் வாங்குகிறவரைக்கும்.

அபூர்வ மரத்தில் இது வெறும் யோக்கியதைப் பிரச்னையோடு நிற்பதில்லை. பிரேசில் ரோஸ்வுட் 1992-லிருந்து சைட்டிஸ் என்கிற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. புலி, யானைத் தந்தம் இருக்கிற பட்டியல். தடைக்கு முந்தின பழைய கட்டை என்பதற்குக் காகிதம் இல்லாமல் வியாபாரத்துக்காக எல்லை தாண்டக்கூடாது. நம்ம ஊர் ரோஸ்வுட், அதாவது நீலகிரி, வயநாடு மலைகளில் வளர்கிற ஈட்டி என்கிற தோதகத்தி, இரண்டாம் பட்டியல். 2017-ல் கெடுபிடி கூடி, 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்கு பிரேசில்காரருக்குக் கிடையாது. அந்த ஈட்டியைத் தனியார் நிலத்தில்கூட இஷ்டத்துக்கு வெட்டாமல் இருக்கத் தமிழ்நாடு 1994-ல் தனிச் சட்டமே போட்டது.

அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனிக்கே 2009-லும் 2011-லும் சோதனை நடந்தது. முதல் தடவை மடகாஸ்கர் கருங்காலி. இரண்டாம் தடவை இந்தியாவிலிருந்து போன ரோஸ்வுட்டும் கருங்காலியும். 2012-ல் மூன்று லட்சம் டாலர் கட்டி சமாதானம் ஆனார்கள். இந்திய மரம் திரும்பக் கிடைத்தது. நம் மலை மரம் உலகம் முழுக்கக் கிடார்களில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் அதை 'சாதா' என்று ஒதுக்கிவிட்டு, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு ஒன்றேகால் லட்சம் வரதட்சிணை கொடுக்கப் பார்க்கிறோம்.

இப்போது பி.காம். கைகொடுத்தது. 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம். 15-வது பிரிவு: இன்ன சரக்கு என்று வர்ணித்து விற்றால் சரக்கு அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். 16-வது பிரிவு: மற்றபடி வாங்குகிறவன்தான் உஷாராக இருக்க வேண்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போட்டது, பதினைந்து வருஷம் கழித்துக் காபிக்கு நன்றிக்கடன்.

"கடைக்குப் போன் போடு. பில்லுல மரத்தோட பேரை எழுதித் தருவாங்களா, சைட்டிஸ் காகிதம் இருக்கான்னு ரெண்டே கேள்வி கேளு."

ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு ஒரு குரல்:

"சார், பிரேசிலியன் ரோஸ்வுட்ங்கறது... அது ஒரு கலர் சார்."

மச்சினன் போனை வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார்தான் மௌனத்தைக் கலைத்தார். "நம்ம தாயார்கிட்ட வேண்டிக்கிட்டா வறுத்த பயறும் முளைக்கும்பாங்க. கடைக்காரன் சொன்னான்னு முளைக்காதுடா."

திருப்புட்குழி மரகதவல்லித் தாயாரின் அந்த மகிமை ஊருக்கே தெரியும். இன்னொன்றும் இருக்கிறது அந்தக் கோயிலில். கீல் குதிரை. நிஜக் குதிரை போலவே உறுப்புகள் அசைகிற வாகனம். அதைச் செய்த தச்சர், வேறு யாருக்கும் இன்னொன்று செய்துதர மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து உயிரையே விட்டார் என்பது ஊர்க்கதை. சாயங்காலம் கோயிலில் அந்தக் கதையை மாமனார் மறுபடி சொன்னார். எத்தனை தலைமுறையாகச் சொல்கிறார்கள்! எல்லாம் அந்தத் தச்சரின் கையைப் பற்றித்தான். குதிரை என்ன மரம் என்பது கதையில் எங்கேயும் வரவில்லை.

மச்சினன் கடைசியில் பழைய கிடாருக்கு நல்ல காந்தம் மாற்றினான். ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையர் வாங்கினான். வாரம் இரண்டு நாள் வாத்தியாரிடம் போகிறான். எல்லாம் சேர்ந்து ஐம்பதாயிரத்துக்குள். ஜாமீன் கேட்காத கடன். காபியும் நின்றுவிட்டது.

என் மாலை இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆயிற்றே. சாயம் முழுக்கப் போய், மணி எல்லாம் வெளிறி, இப்போது பார்க்க லட்சணமாகவே இருக்கிறது. போன வாரம் ஆபீஸ் லிஃப்டில் ஒருவர் பயபக்தியோடு கேட்டார்:

"சார், இது சந்தனமா?"