பல் டாக்டர் "பாதி டாக்டர்" அல்ல!

காலை நேரம். செங்கல்பட்டில் இருந்து சென்னைக்குப் புறப்படும் மின்சார ரெயில். வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு பல பிள்ளைகள் ஏறுகிறார்கள். காட்டாங்கொளத்தூரிலோ, பொத்தேரியிலோ இறங்கிக் கல்லூரிக்குப் போகிறவர்கள்.

"என்னம்மா படிக்கிறாய்?" என்று பக்கத்தில் இருக்கும் பெரியவர் கேட்கிறார்.

"பி.டி.எஸ். தாத்தா. பல் டாக்டர் படிப்பு. முதல் வருஷம்."

"அடடா! எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லையா?"

பெரியவர் கெட்டவர் அல்ல. அனுதாபத்தோடுதான் கேட்டார். ஆனால் அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்லூரிக்குப் போய்ச் சேருவதற்குள் அவளுடைய பாதி உற்சாகம் போய்விட்டது.

ரெயிலில் ஒரு நாள் கேட்டால் பரவாயில்லை. இதே கேள்வியை வீட்டிலும் தினமும் கேட்டால்? அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கும்?

இரண்டு மனது

2017-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். ஆகிய இரண்டு படிப்புகளுக்கும் நீட் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இடம் கொடுக்கிறார்கள். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தவர்களில் பலர் பல் மருத்துவத்துக்கு வருகிறார்கள். அதனால்தான் இந்தப் படிப்பை ஆறுதல் பரிசு போல ஊர் நினைக்கிறது.

கல்லூரியில் சேர்த்துவிட்டு, "சும்மா போய் வா. அடுத்த வருஷம் மறுபடியும் நீட் எழுதலாம்" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்! பகலில் உடற்கூறு வகுப்பு. இரவில் பழைய பிளஸ்-2 பாடம். முடிவில் இரண்டிலும் தேறாமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குற்றம் பிள்ளையின் மீது மட்டும் அல்ல.

மறுபடியும் எழுத ஆசை இருந்தால் சேருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். சேர்ந்த பிறகு, முதல் ஆண்டு முடியும் வரை அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

ஏனென்றால், முதல் ஆண்டு சாதாரணம் அல்ல. உடற்கூறு, உடல் இயங்கும் முறை, உயிர் வேதியியல் இவற்றை எல்லாம் படிக்க வேண்டும். பிணத்தை அறுத்துப் பார்க்கும் கூடத்தில், கண் எரியும் மருந்து வாடையில் நின்று பழக வேண்டும். வெளியே வந்தால் சில நாள் சோறு இறங்காது. இது எம்.பி.பி.எஸ். மாணவருக்கும் உண்டு, பல் மருத்துவ மாணவருக்கும் உண்டு. அதற்கு மேல் பல்லைப் பற்றிய தனிப் பாடமும் இருக்கிறது.

பல்லின் கணக்கே ஒரு வேடிக்கை. வாயில் இருப்பவை 32 பற்கள். ஆனால் பல்லின் எண்களோ 48 வரை போகின்றன! வாயை நான்கு பாகமாகப் பிரித்து, 11 முதல் 18, 21 முதல் 28 என்று எண்ணுகிறார்கள். எதிரே உட்காருகிறவரின் வலது பக்கம், மாணவருக்கு இடது பக்கம். முதல் மாதத்தில் இதில் தடுமாறாதவர் இல்லை.

மெழுகில் ஒரு பல்

ஆண்டு முழுவதும் கையை விட்டு இறங்காத வேலை ஒன்று உண்டு. மெழுகுக் கட்டியில் பல் செதுக்குவது! கட்டியின் பக்கங்களில் பல்லின் உருவத்தை வரைய வேண்டும். பிறகு சிறு கத்தியால் சீவிச் சீவி, குழியும் மேடும் அப்படியே வரும்படி செய்ய வேண்டும். முன்பல் பார்ப்பதற்கு எளிது போலத் தெரியும். ஆனால் ஒரு பக்கம் சிறிது அதிகமாகச் சீவிவிட்டால் பல் கோணலாகிவிடும். வேறு கட்டியை எடுக்க வேண்டியதுதான்.

"டாக்டருக்குப் படிக்கிறாயா? பொம்மை செய்கிறாயா?" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் வர வேண்டும். அங்கே சாலையோரப் பட்டறைகளில் சிற்பிகள் வேலை செய்வதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதலில் கல்லில் கோடு. பிறகுதான் உளி. 1957-ம் ஆண்டில் அங்கே சிற்பக் கலைக்கென்று அரசு தனிப் பயிற்சி நிலையமே தொடங்கியது. இன்று அது கல்லூரி.

ஐந்து ரதங்களையும் பாருங்கள். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தார்கள். அதனால் மேலே வேலைப்பாடு நிறைந்திருக்கிறது. அடியில் சில இடங்கள் முடியாமல் நிற்கின்றன. பல்லவர் காலத்துச் சிற்பி அவசரப்பட்டிருந்தால், மேலே இருப்பதும் நமக்குக் கிடைத்திருக்காது.

சிற்பி வெட்டுவது உயிரில்லாத கல். பல் டாக்டர் கருவி வைப்பது வலி தெரியும் வாயில்! கை நடுங்கலாமா? அந்தக் கையைப் பழக்குவதற்குத்தான் முதல் ஆண்டில் மெழுகைக் கொடுக்கிறார்கள்.

தமிழில் படித்த பிள்ளை

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவம், பல் மருத்துவம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கி, 2020-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதன் பிறகு, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகளும் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். இது மிகப் பெரிய மாறுதல்.

ஆனால் புத்தகம் முழுவதும் ஆங்கிலம். "மேன்டிபிள்" என்று படித்ததும் மலைத்துப்போகும் பிள்ளை, அது நம்முடைய கீழ்த்தாடை எலும்புதான் என்று தெரிந்ததும் மூச்சு விடுகிறது. பொருளைத் தமிழில் புரிந்துகொண்டு, பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதில் வெட்கம் எதற்கு? மூத்த மாணவர்கள் இதற்கு உதவலாம். மூத்தவர் என்றால் மிரட்டுபவர் என்ற காலம் போக வேண்டும். ராகிங்கைத் தடுக்க 1997-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

6 வயதுப் பல்

முதல் ஆண்டுப் பாடம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. குழந்தைக்கு ஏறக்குறைய 6 வயதில், பால் பற்களுக்குப் பின்னால் கடைவாயில் ஒரு பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. இதற்காகப் பால் பல் எதுவும் விழுவதில்லை. அதனால், "இதுவும் பால் பல்தான், சொத்தையானால் விழுந்து வேறு முளைக்கும்" என்று பல தாய்மார்கள் விட்டுவிடுகிறார்கள்.

அது பால் பல் அல்ல. ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல்! போனால் மறுபடியும் முளைக்காது. மெல்லுவதற்கு முக்கியமான பல்லும் அதுதான். மேலே பள்ளங்கள் இருப்பதால் மிட்டாயும் மாவும் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் சொத்தையாகும்.

பல் எந்த வயதில் முளைக்கும் என்பது முதல் ஆண்டுப் பாடம். சனிக்கிழமை வீட்டுக்கு வரும் மகளிடம், "மறுபடி நீட் எழுதுகிறாயா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "தம்பியின் வாயைக் கொஞ்சம் பாரம்மா" என்று தாய் சொல்லலாம். விளக்கைப் பிடித்துப் பார்த்து, "அம்மா, இது விழும் பல் இல்லை. திங்கட்கிழமையே டாக்டரிடம் காட்டு" என்று அவளால் சொல்ல முடியும்.

சொல்லத்தான் முடியும். வைத்தியம் செய்யக் கூடாது. அவளிடம் நோயாளிகள் வருவது மூன்றாம் ஆண்டில். நான்கு ஆண்டு படிப்பும், ஓர் ஆண்டு பயிற்சியும் முடிந்த பிறகுதான் பட்டம். பாட்டி, "என் பல்லைப் பிடுங்கிவிடு" என்று இப்போதே கேட்டால், இன்னும் சில வருஷம் பொறுத்திருக்கத்தான் வேண்டும்.