கந்தையும் கலையாகும்

புக்கிட் பாத்தோக்கில் ‘லிட்டில் குய்லின்’ என்று அழைக்கப்படும் பூங்கா உள்ளது. பாறையும் நீரும் அழகுசேர்க்கும் அந்த இடம், ஒரு காலத்தில் கருங்கல் வெட்டியெடுத்த குழி. கைவிடப்பட்ட குழி, பூங்காவாகப் புதுவாழ்வு பெற்றது. ஆனால், அதே வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் தீபாவளிக்கு முன் அலமாரியிலிருந்து அகற்றப்படும் பழைய உடைகளுக்கு அத்தகைய வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.

2022ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஏறக்குறைய 254,000 டன் துணி, தோல் கழிவுகள் சேர்ந்தன. அவற்றில் சுமார் 2 விழுக்காடு மட்டுமே மறுபயனீடு செய்யப்பட்டது. பழைய உடைகளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். நல்ல நிலையில் உள்ள உடைகளுக்கு அது பொருந்தும். கிழிந்ததையும் சாயம் போனதையும் யார் விரும்பி அணிவார்? அவற்றுக்கு ஊசியும் நூலுமே மறுவாழ்வு தரும்.

இதற்கு வங்காளப் பெண்கள் வழிகாட்டியுள்ளனர். நைந்த பருத்திச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிறு சிறு ஓட்டுத்தையலால் இணைப்பது அவர்களது ‘காந்தா’ கலை. சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே பூவும் மீனும் தைப்பார்கள். பாட்டியின் பழைய சேலையில் நைந்த பகுதியை வெட்டிவிட்டு, மீதியை இரண்டு அடுக்காக வைத்து இப்படித் தைத்தால், அழகிய சால்வை ஒன்று உருவாகிவிடும்.

சிங்கப்பூருக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 1942இல், ஜப்பானியர் ஆட்சியில் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள், துணித் துண்டுகளில் தங்கள் பெயர்களையும் படங்களையும் தைத்தனர். அத்தகைய 66 சதுரங்களை இணைத்து ஒரு போர்வை என, மூன்று போர்வைகள் உருவாயின. வேறு முகாமிலிருந்த ஆண்களுக்கு, தாங்கள் உயிரோடு இருப்பதை அவற்றின் மூலம் உணர்த்தினர். அவர்கள் தைத்த துணி, கடிதமாகவும் பயன்பட்டது.

“கடையில் சால்வை மலிவாகக் கிடைக்கும்போது, வாரக்கணக்கில் தைப்பது வீண்வேலை அல்லவா?” என்று சிலர் கேட்கலாம். ஒரு சால்வையால் குப்பைமலை குறையாது என்பதும் உண்மையே. ஆனால், தன் கையால் தைத்த மாணவருக்கு ஒரு துணிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு புரியும். அடுத்த சட்டையை வாங்குமுன் அவர் ஒருமுறை யோசிப்பார்; வாங்கியதை எளிதில் எறியமாட்டார். குப்பை குறைவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எனவே, கைத்தையலைப் பாட்டி காலத்து வேலை என்று ஒதுக்காமல், ஒவ்வொரு மாணவரும் கற்றுக்கொள்ள வேண்டும். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றனர் முன்னோர். கிழிந்தாலும் தைத்துக் கட்டு என்பதையும் இன்றைய தலைமுறை அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்.